எந்தத் தண்ணீரில் ஓடும் படகு?

சற்றே நீளமான பதிவு. பொறியியல், உலோகவியல் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். எந்தத் துறையிலும் ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்ந்தெடுக்க நேர்பவர்களுக்கும் இதில் ஏதேனும் கிடைக்கலாம்.

கொல்கத்தாவில் ஆய்வு மாணவியாக இது எனக்கு ஐந்தாம் ஆண்டு. ஆய்வுப் பொருள், அலுமினியம்–சிலிக்கான் வார்ப்புக் கலவைகள். சொந்த ஊர் கோயம்புத்தூர். அப்பா அங்கே ஒரு பவுண்டரியில் 32 ஆண்டுகள் மோல்டராக வேலை பார்த்தவர். பம்புசெட்டுகளின் வார்ப்பிரும்பு உறுப்புகளுக்கு மணலில் அச்சு எடுத்தவர். ஆகவே இரும்பை வீட்டிலும் அலுமினியத்தை ஆய்வகத்திலும் கற்றவள் நான். இவ்விரண்டில் எது என்று சொல்ல வேண்டிய ஒரு கேள்வி சென்ற ஆண்டு என்னிடம் வந்தது.

தெற்கு 24 பர்கானா மாவட்டத்தில், சுந்தரவனத்தின் ஒரு தீவில் வாழும் மக்கள் பணம் திரட்டி ஒரு விரைவுப் படகு கட்ட முனைந்திருந்தார்கள். இரவில் பாம்பு கடித்தவரையும் பேறுகாலத்தில் சிக்கலுற்ற பெண்ணையும் நிலப்பகுதியின் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதற்கான படகு அது. அங்கே வழக்கமாக ஓடுவது பொட்பொட்டி எனப்படும் நாட்டுப் படகு. பாசனப் பம்புக்கென வந்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் இஞ்சின் பொருத்திய படகு. எழுப்பும் ஓசையே அதற்குப் பெயராயிற்று. மணிக்கு 11 கிலோமீட்டர் செல்லும். தீவிலிருந்து படகுத்துறை வரை 28 கிலோமீட்டர் என்பதால் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். கட்டுவிரியன் கடித்த ஒருவருக்கு அந்த இரண்டரை மணி நேரம் என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மணிக்கு 33 கிலோமீட்டர் செல்லும் படகு இருந்தால் அந்தப் பயணம் 51 நிமிடங்களில் முடியும்.

ஹௌராவின் பட்டறை ஒன்றில் அவர்களுக்கு இரண்டு இஞ்சின்கள் காட்டப்பட்டன. இரண்டும் டீசல், நான்கு சிலிண்டர், ஏறத்தாழ ஒரே குதிரைத்திறன், ஏறத்தாழ ஒரே விலை. இரண்டும் பழையவை, செப்பனிடப்பட்டவை. ஒன்றில் பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. மற்றது காருக்கென வடிவமைக்கப்பட்டுப் படகுக்கு மாற்றப்பட்டது. அதில் இரண்டுமே அலுமினியம். அலுமினிய இஞ்சின் 130 கிலோ எடை குறைவு. விரைவுப் படகு என்றால் எடை குறைந்ததைத்தானே வாங்க வேண்டும் என்பது தீவினரின் கேள்வி. அது நியாயமான கேள்வியும்கூட.

பாடநூல் அவர்கள் பக்கமே நிற்கிறது. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், சாம்பல் வார்ப்பிரும்புக்கு 7.2. வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினிய வார்ப்புக் கலவைகள் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வல்லவை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மைக்கேல் ஆஷ்பி வகுத்த பொருள்தேர்வு முறையை நம்மில் பலர் படித்திருக்கிறோம். உத்திரம் போல வளையும் உறுப்பு எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டுமெனில், மீட்சிக் குணகத்தின் வர்க்கமூலத்தை அடர்த்தியால் வகுத்துப் பார்க்கச் சொல்கிறது அம்முறை. அலுமினியத்துக்கு 3.1 வருகிறது, வார்ப்பிரும்புக்கு 1.5 கூட வருவதில்லை. கணக்கு இதோடு முடியுமானால் பதிவும் இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் ஒரு சுட்டெண், கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். படகின் வேகத்துக்கு அந்த 130 கிலோ எவ்வளவு உதவும் என்பது வேறு கேள்வி. அதற்கான கணக்கை முதலில் போட்டேன்.

நீரை விலக்கிக்கொண்டு செல்லும் படகு, தானே எழுப்பும் அலைக்குள் சிறைப்பட்டது. 9 மீட்டர் நீளமுள்ள படகுக்கு அந்த எல்லை ஏறக்குறைய 7 நாட். அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர். அதற்குமேல் இஞ்சினின் வலிமையைக் கூட்டினால் அலைதான் பெரிதாகும், வேகம் பெரிதாகக் கூடாது. அந்த எல்லையைக் கடக்க வேண்டுமெனில் படகு நீர்ப்பரப்பின் மேல் எழுந்து வழுக்கிச் செல்லும் வடிவில் அடிப்பாகம் அமைய வேண்டும். தீவினர் கட்டத் தொடங்கியிருந்தது அப்படிப்பட்ட கண்ணாடியிழைப் படகுதான். இவ்வகைப் படகில் எடை உண்மையிலேயே பொருட்படுத்தத் தக்கது. ஒரே வலிமைக்கு, வேகம் எடையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பது படகு வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் தோராய விதி. ஆட்கள், எரிபொருள், நோயாளியின் படுக்கை எல்லாம் சேர்ந்து இந்தப் படகின் எடை ஏறத்தாழ 3 டன். அதில் 130 கிலோ என்பது 4 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். வேகத்தில் கிடைப்பது 2 விழுக்காடு. 51 நிமிடப் பயணத்தில் மிச்சமாவது ஒரு நிமிடமும் சில நொடிகளும்.

ஆக, அலுமினியம் தருவது ஒரு நிமிடம். அதற்கு ஈடாக என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

இந்தக் கட்டத்தில் அப்பாவிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். எடை, விலை, குதிரைத்திறன் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி கண்ணு, எந்தத் தண்ணில ஓடப் போவுது?” என்றார். கிணற்றுக்குக் கிணறு நீர் வேறுபடும் கொங்கு நாட்டில் பம்புக்கு வார்ப்படம் எடுத்தவரின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க முடியும்.

கொல்கத்தா நகரை ஒட்டி ஓடும் ஹூக்ளியில் கடலின் ஏற்றவற்றம் தெரியும். ஆனால் நீர் பெரும்பாலும் நன்னீரே. தெற்கே செல்லச் செல்ல உப்பு ஏறுகிறது. கிழக்கே கேனிங் பக்கம் ஓடும் மாத்லாவின் கதை வேறு. மேலிருந்து வரும் நன்னீர் வரத்து அற்றுப்போன ஆறு அது. கடலின் உப்பு உள்ளே ஏறி வருகிறது. ஹௌராவில் ஓட்டிப் பார்த்து வாங்கும் இஞ்சின், அதன் வாழ்நாளெல்லாம் இன்னொரு நீரில் உழைக்கப்போகிறது.

உப்புநீர் இவ்விரு உலோகங்களையும் இருவேறு வழிகளில் தின்கிறது. அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். குளோரைடு அயனிகள் அப்படலத்தை அங்கங்கே துளைத்து ஊசிக்குழிகளை உண்டாக்கும். பித்தளை வால்வோ செப்புக் குழாயோ அதனுடன் மின்தொடர்பில் இருந்தால் உப்புநீரில் ஒரு மின்கலமே உருவாகிவிடும். அதில் கரைந்துபோவது அலுமினியம். வார்ப்பிரும்பும் தப்புவதில்லை. அதில் இரும்பு கரைந்து வெளியேற, கிராஃபைட் செதில்களின் வலை மட்டும் உருக்குலையாமல் எஞ்சும். பார்வைக்கு உறுப்பு முழுமையாக இருக்கும். கத்தியால் சீவினால் பென்சில் முனைபோலச் சீவப்படும். இரும்பு உப்புக்கு அஞ்சாது என்று எண்ண இடமில்லை. அதன் சுவர் தடிமனாக இருப்பதால் அரிப்புக்குக் காலம் கூடுதலாகப் பிடிக்கிறது, அவ்வளவே.

ஆற்றுநீரை நேராக இஞ்சினுக்குள் செலுத்திக் குளிர்விக்காமல், உள்ளே நன்னீரும் குளிர்விப்பானும் கலந்த மூடிய சுற்று ஒன்றை வைத்து, வெப்பமாற்றி வழியாக மட்டும் ஆற்றுநீரை ஓட்டினால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நல்ல படகு இஞ்சின்கள் அப்படித்தான் அமைகின்றன. எங்களுக்குக் காட்டப்பட்ட இரண்டிலும் அந்த ஏற்பாடு இருந்தது. அப்படியானால் அலுமினியத்துக்கு என்ன தடை?

தடை ஆற்றில் மிதப்பவற்றில் இருந்தது. இந்த ஆறுகள் சேற்றைச் சுமந்து வருபவை. வண்டலோடு ஆகாயத்தாமரையும் நெகிழிப் பைகளும் சேர்ந்து, நீர் உறிஞ்சும் வாயை எந்த நேரமும் அடைத்துவிடலாம். அடைத்துக்கொண்டால் இஞ்சின் சூடேறும். இரவில், நோயாளியை வைத்துக்கொண்டு, ஆற்றின் நடுவில் படகோட்டி அதை உணர்ந்து நிறுத்துவதற்குள் சில நிமிடங்கள் கழியும். இரு உலோகங்களும் பெரிதும் பிரிந்து நிற்பது அந்தச் சில நிமிடங்களில்தான்.

எண்களைப் பாருங்கள். அரை மீட்டர் நீளமுள்ள ஹெட் 80 டிகிரி சூடேறினால், வார்ப்பிரும்பு ஏறத்தாழ 0.44 மில்லிமீட்டர் நீளும்; அலுமினியம் 0.88 நீளும். அதை இறுக்கிப் பிடித்திருக்கும் எஃகு போல்ட்டுகளோ இரும்பின் அளவே விரிபவை. வழக்கமான வெப்பநிலைக்கு இதையெல்லாம் கணக்கிட்டே வடிவமைக்கிறார்கள். எல்லை மீறிச் சூடேறும்போது அலுமினிய ஹெட் வளைகிறது, கேஸ்கெட் பிய்கிறது. மேலும், வெப்பப் பதப்படுத்தலால் வலுவூட்டப்பட்ட அலுமினியக் கலவை 200 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால் வலுவை இழக்கத் தொடங்கும். வலுவூட்டும் நுண்துகள்கள் பருத்துப் போவதே காரணம். என் ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் இதைப் பற்றியவை. வார்ப்பிரும்புக்கு இந்த வெப்பநிலைகள் ஒரு பொருட்டல்ல.

டீசல் என்பதையும் கருத வேண்டும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் எரிதலின் உச்ச அழுத்தம் 150 பார் என்று கொண்டால், ஹெட்டின் மேல் விழும் விசை ஏறக்குறைய 12 டன். நிமிடத்துக்கு 2,500 சுற்று ஓடும் நான்கு வீச்சு இஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 21 முறை அந்த அடி விழுகிறது. 51 நிமிடப் பயணத்தில் 63,000 முறைக்கு மேல். ஒரு குறிப்பிட்ட தகைவுக்குக் கீழே எத்தனை முறை அடித்தாலும் தாங்கும் இயல்பு இரும்புக்கு உண்டு. அலுமினியத்துக்கு அப்படி ஓர் உறுதியான கீழெல்லை கிடையாது. அடிகளின் எண்ணிக்கை ஏற ஏறத் தாங்குதிறன் குறைந்துகொண்டே வரும். புதிய இஞ்சினுக்கு வடிவமைப்பாளர் அதற்கான இடம் விட்டிருப்பார். எத்தனை கோடி அடி வாங்கியது என்று எவருக்கும் தெரியாத பழைய இஞ்சினுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

பந்தயப் படகுக்காரர்கள் அலுமினிய ஹெட்டை விரும்புவது இதற்கு முரண் அன்று. அவர்களுடையவை பெரும்பாலும் பெட்ரோல் இஞ்சின்கள். வெப்பம் விரைந்து வெளியேறினால் தட்டல் தள்ளிப்போகும். இன்னும் அதிக அமுக்கத்தில் ஓட்டலாம், வலிமை கூடும். பந்தயம் முடிந்ததும் இஞ்சினைப் பிரித்துப் பார்க்க ஆட்கள் காத்திருப்பார்கள். நம் கடற்கரையில் வள்ளங்களின் பின்புறம் தொங்கும் அவுட்போர்டு இஞ்சின்களின் உடலும் அலுமினிய வார்ப்புத்தான். அவற்றை நீரிலிருந்து மேலே தூக்கி வைக்கலாம்; நன்னீர் விட்டுக் கழுவலாம். படகினுள் பதிந்து, எந்த இரவிலும் கிளம்பத் தயாராக உப்பாற்றிலேயே கிடக்க வேண்டிய இஞ்சினுக்கு அந்த வாய்ப்புகள் இல்லை.

பழுதுபார்ப்பு பற்றியும் சொல்ல வேண்டும். நீராவிப் படகு ஹூக்ளிக்கு வந்தது 1823-இல். கிதிர்பூரில் கட்டப்பட்ட ‘டயானா’ என்னும் அப்படகின் இஞ்சின் இங்கிலாந்தின் மாட்ஸ்லே பட்டறையிலிருந்து வந்தது. இஞ்சின் எங்கிருந்து வந்தாலும் பழுது இந்த ஆற்றங்கரையில்தான் பார்க்கப்பட்டாக வேண்டும் என்ற நிலை அன்றே தொடங்கிவிட்டது. ஹௌராவின் பவுண்டரிகளும் பேலிலியஸ் சாலைப் பட்டறைகளும் அந்த மரபின் வழிவந்தவை. நியூயார்க் தெருக்களின் பாதாளச் சாக்கடை மூடிகளில் பல இங்கே வார்க்கப்பட்டவை. வார்ப்பிரும்பு ஹெட் வெடித்தால் தையல்போல ஊசிபோட்டு இணைக்கவும், முன்சூடேற்றி நிக்கல் கம்பியால் பற்றவைக்கவும், தேவையெனில் புதிதாகவே வார்த்துக் கடைந்து தரவும் இங்கே கைகள் உண்டு. எண்ணெய் ஊறிய பழைய அலுமினிய வார்ப்படத்தை ஆர்கான் வாயுவில் பற்றவைப்பது அதைவிட அரிய திறமை; பற்றவைத்த இடத்தில் வெப்பப் பதத்தை மீட்பது இன்னும் அரிது. பட்டறை மிஸ்திரியிடம், “தாதா, உங்களுக்கு எது எளிது?” என்று கேட்டேன். “எனக்கு இரண்டும் கூலிதான், திதி. தீவுக்காரனுக்கு எது எளிதென்று கேளுங்கள்” என்றார்.

இதே ஆற்றங்கரையில் விடை மாறிப்போகும் இடமும் உண்டு. கார்டன் ரீச்சில் உள்ள அரசுக் கப்பல் கட்டுமான நிறுவனம், நீர்த்தாரையால் உந்தப்பட்டு 35 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 65 கிலோமீட்டரில் செல்லும் கார் நிக்கோபார் வகைத் தாக்குதல் படகுகளைக் கடற்படைக்குக் கட்டித் தந்தது. முதற்படகு 2009-இல் சேவைக்கு வந்தது. அந்நிறுவனத்துக்கு ராஞ்சியில் தனி டீசல் இஞ்சின் ஆலையே இருக்கிறது. அங்கேயே கட்டப்பட்டு 2017-இல் சேவைக்கு வந்த ஐ.என்.எஸ். கில்டான் கப்பலில், எஃகு உடலின் மேல் கார்பன் இழைக் கூட்டுப்பொருளாலான மேற்கட்டுமானம் அமைத்தார்கள். உயரத்தில் குறையும் எடை ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தி நிலைப்புத்தன்மையைக் கூட்டும் என்பதால் அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் மதிப்பு அதிகம். பழுதுபார்க்கத் தளமும் உதிரிபாகமும் பயிற்சி பெற்றோரும் பின்னால் நிற்கும்போது புதிய பொருளை நம்பலாம். தீவுப் படகின் பின்னால் நிற்பது ஒரு படகோட்டியும் ஒரு ஸ்பானர் பெட்டியும்.

இரும்பு இஞ்சினையே பரிந்துரைத்தேன். ஆயினும் ‘இரும்பு இஞ்சின்’ என்பது பேச்சு வழக்குப் பெயர்தான். அதன் பிஸ்டன்கள் அலுமினியம்–சிலிக்கான் கலவை. மேலும் கீழும் பாயும் உறுப்பின் நிலைம விசை, சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால் அங்கே இலேசான உலோகமே வேண்டும். அதே பிஸ்டனில், முதல் வளையம் அமரும் பள்ளம் தேயாதிருக்க நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு வளையம் ஒன்றைப் பதித்து வார்க்கிறார்கள், அலுமினியத்துக்குள் இரும்பு. டர்போசார்ஜரில் காற்றை அமுக்கும் சக்கரம் அலுமினியம். புகை சுழலும் கூடு இரும்பு. வெப்பமாற்றியின் குழாய்கள் செம்பு–நிக்கல். உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்த்தால் எந்த உலோகமும் இன்னொன்றை வென்றுவிடவில்லை. எனக்கு எஞ்சிய விதி எளிது: விரைந்து அசைய வேண்டிய இடத்தில் அலுமினியம், அடியும் சூடும் தாங்க வேண்டிய இடத்தில் இரும்பு, ஆற்றுநீர் தொடும் இடத்தில் அலுமினிய வார்ப்படம் வேண்டாம்.

அதற்கு ஒரு விலக்கும் உண்டு. படகின் அடியில் நீரில் மூழ்கியுள்ள உலோகங்களைக் காக்க, தானே கரைந்துபோகும் கட்டிகளைப் பொருத்துவார்கள். கடல்நீரில் துத்தநாகக் கட்டி நன்கு உழைக்கும்; நன்னீரில் அதன் மேல் படலம் படிந்து செயலற்றுவிடும். நன்னீருக்கு மக்னீசியம் ஏற்றது. உப்புநீரில் அது மிக விரைவில் தீர்ந்துபோகும். மழைக்காலத்தில் உப்புக் குறைந்து கோடையில் கூடும் கழிமுக நீருக்கு ஏற்றது, துத்தநாகமும் இண்டியமும் சிறிதளவு சேர்த்த அலுமினியக் கட்டி. உப்பாற்றில் இரும்பைக் காப்பாற்றத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் வேலைக்கு அலுமினியத்தையே தேர்ந்தெடுத்தோம்.

இழந்த ஒரு நிமிடத்தையும் வேறு இடத்தில் தேடினோம். இரும்புத் தகட்டுக் கூரைக்குப் பதில் கித்தான். நாள் முழுவதற்குமான எரிபொருள் தொட்டிக்குப் பதில் இரண்டு பயணத்துக்கான தொட்டி. பக்கவாட்டு மரப்பலகைகளில் பாதி நீக்கம். மொத்தம் 180 கிலோ குறைந்தது. இஞ்சினில் விட்டுக்கொடுத்ததைவிட 50 கிலோ கூடுதல். நீர் உறிஞ்சும் வழியில் ஒன்றுக்கு இரண்டாக வடிகட்டிகள் வைத்தோம். ஒன்று அடைத்தால் மற்றதற்கு மாற்றிக்கொள்ளலாம். வெப்பநிலை எல்லை மீறினால் ஒலிக்கும் மணியையும் பொருத்தினோம்.

படகு சென்ற ஐப்பசியில் நீரில் இறங்கியது. இதுவரை 40-க்கும் மேற்பட்ட இரவுப் பயணங்கள். இருமுறை வடிகட்டி அடைத்து மணி ஒலித்திருக்கிறது. இருமுறையும் வழியை மாற்றிக்கொண்டு பயணம் தொடர்ந்தது. அலுமினிய ஹெட்டாக இருந்தால் அந்த இரவுகளில் வளைந்திருக்கும் என்று என்னால் நிறுவ முடியாது. ஒற்றைப் படகு ஆய்வுச் சான்று ஆகாது. வளைந்திருக்குமோ என்று நடு ஆற்றில் எவரும் கவலைப்பட நேரவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

ஆய்வேட்டில் பொருள்தேர்வு அட்டவணை தயாரிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடர்த்தி, வலிமை, கடத்துத்திறன் ஆகிய நிரல்களுக்குப் பிறகு இன்னும் மூன்று நிரல்களைச் சேருங்கள்: எந்த நீர், எந்தக் கை, நின்றுபோனால் யாருக்கு இழப்பு. இவற்றுக்கு அலகு கிடையாது. நெறியாளர் கேள்வி எழுப்பக்கூடும். நிரப்ப வேண்டுமெனில் ஆய்வகத்தை விட்டு இறங்கி ஒருநாள் ஆற்றங்கரைக்குப் போக வேண்டியிருக்கும். போய் வாருங்கள்.